தவளை அறையில் முந்நூறு நார்

ஒரு வாளித் தண்ணீரைச் சத்தமில்லாமல் ஊற்றுவதற்கு ஒரு முறை இருக்கிறது. வாளியைத் தூக்கி முதலில் தொடையில் தாங்கிக்கொள்ள வேண்டும். பிறகு இடது கையை அடியில் கொடுத்து, தொட்டியின் உள்விளிம்போடு வாளியின் வாயை ஒட்டவைத்து, சுவரில் எண்ணெய் வழிகிற மாதிரி இறங்கவிட வேண்டும். சளக்கென்று கொட்டினால் தவளைகள் மிரண்டு மேலே பாய்ந்து மூடியில் மூக்கை இடித்துக்கொள்ளும். தவளையக்கா ஒன்பது வருஷமாக, வாரத்தில் மூன்று நாள், முப்பது தொட்டிகளுக்கு இப்படி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

பெயரை வைத்தவர்கள் ஆய்வுக்கூடத்து மாணவர்கள். வெறுமே அக்கா என்று கூப்பிட்டால் அந்த மாடியில் மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். அதனால் ஒருத்தி கேண்டீனக்கா, ஒருத்தி மாடிப்படியக்கா, இவள் தவளையக்கா. முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு சம்பளச் சீட்டில் இருந்த பெயரைப் பார்த்தால்தான் யாரோ மாதிரி இருந்தது.

மழைக்குக் கத்துகிற சாதித் தவளைகள் இல்லை அவை. வாயில் நாக்கு கிடையாது. தீனியை இரண்டு கையாலும் வாய்க்குள் தள்ளிக்கொள்ளும். பின்னங்கால் விரல்களில் கறுப்பு நகம். பிறந்தது முதல் சாகும்வரை தண்ணீரைவிட்டு வெளியே வராது. பெண் தவளை ஒவ்வொன்றும் அவள் உள்ளங்கை அகலம் இருக்கும். அவை போடும் முட்டைகளை வைத்துத்தான் ஆய்வுக்கூடத்தை நடத்தும் மேடத்தின் ஆராய்ச்சி முழுவதும். தண்ணீர் கொஞ்சம் கெட்டாலும் முட்டைகள் வெளுத்து ஒன்றுக்கும் உதவாமல் போகும். ஆகவே குழாய்த் தண்ணீரை முதல்நாளே டிரம்களில் பிடித்து, குளோரின் நெடி போக ஒரு நாள் ஆறவிட்டு, அளந்து உப்புப் போட்டு, மறுநாள் வாளி வாளியாக மாற்ற வேண்டும். தொட்டியைத் தேய்த்துக் கழுவ வேண்டும். அதற்குள் அடுத்த நாளுக்கான தண்ணீர் பிடிக்க நேரமாகிவிடும்.

அவள் கணவர் கப்பலில் ஃபிட்டர். இயந்திர அறையில் குழாய், வால்வு, பம்ப் என்று எது மக்கர் பண்ணினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஒன்பது மாதம் கடல், மூன்று மாதம் வீடு. கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் கூட்டிப் பார்த்தால் அவள் அவரோடு இருந்தது மூன்றரை வருஷம். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கணக்குப் போட்டுக் காட்டியது மகள்தான். பள்ளிக்கூடத்தில் பின்னம் நடத்திய வாரத்தில்.

இந்தமுறையும் அவர் வந்த முதல் வாரத்தில் வீட்டில் ஒழுகுவது, கிறீச்சிடுவது, ஆடுவது எல்லாம் நின்றுபோயின. இரண்டாவது வாரம் மாடிவீட்டுக்காரர் குளியலறை. மூன்றாவது வாரம் எதிர்வீட்டுத் தொட்டி. அதற்குப் பிறகு சன்னலோரம் உட்கார்ந்து தெருவில் போகும் தண்ணீர் லாரியை அவர் பார்த்த பார்வையில், இன்னும் எங்கேயாவது ஒழுகாதா என்கிற ஏக்கம் இருந்தது. மகள் அவருக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுக்கும்போது தட்டும் சேர்த்துக் கொடுத்தாள். தனக்கும் அம்மாவுக்கும் தட்டு வைக்கமாட்டாள். அவர் அதைக் கவனித்தார்.

"அம்மாவுக்குத் தவளை, அப்பாவுக்குக் கப்பல். ரெண்டு பேருமே தண்ணியில. எனக்குத்தான் தரை" என்பாள் மகள். பதின்மூன்று வயதுக்கு வாய் நீளம்.

நான்காவது வாரம் ஒரு புதன்கிழமை தவளையக்காவின் வலது தோள் பிடித்துக்கொண்டது. தலை வாரக் கை எழவில்லை.

"லீவு போடு" என்றார் கணவர்.

"போட்டா யாரு தண்ணி மாத்துவா? வெள்ளிக்கிழமை வரைக்கும் அதுங்க தன் மூத்திரத்துலயே கிடக்கும்."

"நான் வரேன். வாளி தூக்கறதுக்குப் படிப்பு வேணுமா என்ன?"

அப்படித்தான் அவர் தவளை அறைக்கு வந்தார். எட்டுத் தொட்டி ஊற்றியதும் வாளியைக் கீழே வைத்து, சுவர், தரை, குழாய், வடிகால் என்று நான்கு பக்கமும் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். பார்த்தது தோளை.

"ஒன்பது வருஷமா இதையா பண்றே?"

"வேற எதைப் பண்றேன்னு நெனச்சீங்க?"

"தவளைக்குத் தீனி போடறேன்னு சொன்னே."

"அதையும் போடறேன்."

மேடம் உள்ளே வந்தார். ஐம்பது வயது, கழுத்தில் எப்போதும் தொங்கும் கண்ணாடி, பேசும்போதே எதையாவது எழுதிக்கொண்டிருக்கும் பழக்கம். இவர் இன்னார் என்று தவளையக்கா சொல்லி முடிப்பதற்குள் கணவர் கேட்டுவிட்டார்.

"இவ்வளவு படிச்சவங்க இருக்கற இடத்துல வாளியில தண்ணி மாத்தறீங்களே மேடம்?"

தவளையக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மேடம் சிரித்தார்.

"மெஷின் இருக்குங்க. தண்ணியத் தானே சுத்தவிடும், தானே வடிகட்டிக்கும். வெளிநாட்டுல எல்லா லேப்லயும் அதுதான். வெலை கேட்டேன். அந்தக் காசுக்கு ஒரு வீடு வாங்கி, தவளைகளை அதுல குடி வைக்கலாம்."

"அந்த மெஷின் படம் இருக்கா?"

படம் இருந்தது. கணவர் அதைக் கையில் வாங்கி, வெளிச்சத்துக்குப் பிடித்து, கொஞ்ச நேரம் பார்த்தார். கல்யாணத்துக்கு முன்னால் அவள் புகைப்படத்தைக்கூட இவ்வளவு நேரம் பார்த்திருக்கமாட்டார் என்று அவளுக்குத் தோன்றியது.

"இதுல பாதி பளபளப்புக்கு வெச்சிருக்கான். அலமாரி, தொட்டி, ஒரு டிரம், ஒரு பம்ப். அவ்வளவுதான் மேடம். மத்ததைத் தண்ணியே பாத்துக்கும். கீழ போகணும்னு அதுக்குச் சொல்லித்தர வேண்டியதில்ல."

அன்று மாலைவரை அவரும் மேடமும் பேசினார்கள். கிளம்பும்போது மேடம் சொன்னதைத் தவளையக்கா பிறகு எத்தனையோ முறை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறாள். இந்தக் கட்டிடத்தில் மீன் வளர்ப்பவர்கள், நத்தை வளர்ப்பவர்கள் என்று இன்னும் ஏழு அறைகள் இருக்கின்றன. எல்லா இடத்திலும் வாளிதான். தண்ணீர் வேலைக்கு நிரந்தரமாக ஓர் ஆள் வேண்டும் என்று நிர்வாகத்திடம் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். இது ஒழுங்காக ஓடினால், செய்தவரையே எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான் எழுதிக் கொடுப்பேன்.

நிரந்தரமாக. வீட்டுக்கு நடந்து வரும்போது இருவருமே அந்த வார்த்தையைப் பற்றிப் பேசவில்லை. பால் வாங்க வேண்டும் என்றார் அவர். வாங்கியாகிவிட்டது என்றாள் அவள்.

மறுவாரம் வேலை தொடங்கியது. பழக்கடையில் அடுக்கும் கனமான பிளாஸ்டிக் பெட்டிகளைத் தொட்டிகளாக்கினார். ஒவ்வொன்றின் அடியிலும் துளையிட்டு ஒரு சாண் உயரக் குழாயை நிறுத்தினார். தண்ணீர் அந்தக் குழாயின் தலையைத் தாண்டினால் தானே உள்ளே விழுந்து கீழே இறங்கிவிடும். தாண்டாதவரை தொட்டியில் நிற்கும்.

"கரண்ட் போயிட்டா?" என்று கேட்டார் மேடம்.

"பம்ப் நிக்கும். தண்ணி நிக்கும். தொட்டி காலியாகாது, நிரம்பி வழியவும் வழியாது. கரண்ட் வந்ததும் விட்ட எடத்துலேர்ந்து ஆரம்பிக்கும். கப்பல்ல இப்படி ஒண்ணு இருந்தா நான் நிம்மதியாத் தூங்கியிருப்பேன்."

பம்ப்பின் அதிர்வு தவளைகளுக்கு ஆகாது. தோல் முழுக்கக் காது மாதிரி அவற்றுக்கு. அதனால் பம்ப்பைச் சுவருக்கு வெளியே, பழைய லாரி டயர் துண்டின்மேல் உட்காரவைத்தார். ஒரே ஒரு சண்டைதான் வந்தது. பித்தளை வால்வு கூடாது என்று மேடம் சொல்லிவிட்டார். செம்பு கலந்த எதுவும் தண்ணீரில் பட்டால் தவளைக்கு விஷம்.

"பித்தளை இல்லாம ஒரு வால்வா?" கணவருக்கு மனசே ஆறவில்லை. வீட்டில் சாப்பிடும்போதும் அதே பேச்சு. "பிளாஸ்டிக் வால்வைத் திருகினா, பொம்மைக் கார் கதவைத் திறக்கற மாதிரி இருக்கு. ஒரு மரியாதை இல்ல."

"தவளைக்கு மரியாதை இருந்தாப் போதும்" என்றாள் மகள்.

அமைப்பின் உயிர், மூலையில் நின்ற நீல டிரம். எல்லாத் தொட்டியின் அழுக்குத் தண்ணீரும் அதற்குள் விழுந்து, ஊடே இறங்கி, சுத்தமாகி மறுபடி மேலே போக வேண்டும். அதற்குள் போடப் பொடித்துளை நிறைந்த பொருள் ஏதாவது வேண்டும். மெஷின்காரர்கள் விற்கும் உருண்டைகளுக்குப் பதிலாக, கணவர் பாத்திரம் தேய்க்கிற பிளாஸ்டிக் நாரைத் தேர்ந்தெடுத்தார். முந்நூறு.

"ஹோட்டல் தொறக்கறீங்களா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"தவளைக்கு" என்றார் கணவர்.

கடைக்காரர் அதற்குமேல் கேட்கவில்லை. மீதியைக் கொடுக்கும்போது தவளையக்காவைக் கொஞ்சம் பரிவோடு பார்த்தார்.

பச்சை, ரோஜா, மஞ்சள் என்று முந்நூறு நாரும் டிரம்முக்குள் போனதும், கணவர் அவளைப் பக்கத்தில் நிறுத்திவைத்துச் சொன்னார்.

"இது வடிகட்டற நார் இல்ல. இதுல ஒரு பிசுக்கு பிடிக்கும். கண்ணுக்குத் தெரியாத கிருமி, நல்ல கிருமி. தவளை மூத்திரத்துல இருக்கற அம்மோனியாவை அதுதான் தின்னும். அது பிடிச்சு நிக்க ஆறு வாரம் ஆகும். அதுவரைக்கும் டிரம்மைத் தொடாதே."

"புது இரும்புச் சட்டியைப் பழக்கற மாதிரி."

"அதேதான்" என்றார் அவர், தனக்கு இது தோன்றவில்லையே என்று.

முதலில் எட்டே எட்டுத் தவளைகளை விட்டார்கள். மற்றவை பழையபடி வாளித் தண்ணீரில். தினமும் காலை பத்து மணிக்கு ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எடுத்து மருந்து ஐந்து சொட்டு விடுவாள். மஞ்சளாக நின்றால் நல்ல தண்ணீர். பச்சை திரும்பினால் அம்மோனியா. முதல் வாரம் இளம்பச்சை. இரண்டாம், மூன்றாம் வாரம் கடும்பச்சை. இடையிடையே பாதித் தண்ணீரை வெளியேற்றிக் காப்பாற்றினார்கள். நான்காம் வாரம் பச்சை வெளிற ஆரம்பித்தது.

அந்த வாரங்களைப் போல ஒன்று அவள் வாழ்க்கையில் வந்ததில்லை. காலையில் இருவரும் ஒன்றாகக் கிளம்பினார்கள். மதியம் கட்டிடத்தின் பின்படியில் உட்கார்ந்து ஒரே டப்பாவிலிருந்து சாப்பிட்டார்கள். ரொட்டி, முட்டை, ஒருநாள் மீன். அவர் வேகமாகச் சாப்பிடுவார். கப்பலில் மணியடித்தால் பாதியில் எழுந்திருக்க வேண்டும். இரண்டாவது வாரம் அந்த வேகம் குறைந்தது. மூன்றாவது வாரம் கடைசி வாயைக் கையில் வைத்துக்கொண்டே கதை சொன்னார். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே அவளுக்கு அவரைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. இது என்ன கிறுக்கு என்று தன்னையே திட்டிக்கொண்டு டப்பாவைக் கழுவப் போவாள்.

ஏஜென்ட் போன் பண்ணினார். அடுத்த கப்பலுக்குப் பெயர் கொடுக்க வேண்டும்.

"இன்னும் ரெண்டு வாரம் பொறுங்க" என்றார் கணவர். அவர் அப்படிச் சொல்லி அவள் கேட்டதே இல்லை.

முப்பத்தெட்டாம் நாள் குழாயில் ஐந்து சொட்டு விட்டாள். மஞ்சள். அரை மணி வைத்துப் பார்த்தாள். மஞ்சள்தான். மறுநாளும் மஞ்சள். மேடம் இன்னும் முப்பது தவளைகளைப் புதுத் தொட்டிகளுக்கு மாற்றச் சொன்னார். அதில் பெரியவளும் இருந்தாள். வலதுகால் நகம் ஒன்று இல்லாத, அறையிலேயே மூத்த பெண் தவளை. தவளையக்கா வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இருப்பவள். திங்கட்கிழமை நிர்வாகக் குழு வந்து பார்க்கப்போகிறது என்றும் மேடம் சொன்னார்.

சனிக்கிழமை தவளையக்கா தனியாக வேலைக்கு வந்தாள். கணவர் வீட்டில் மகளின் சைக்கிளுக்குச் செயின் மாற்றிக்கொண்டிருந்தார்; யாரையும் தொட்டுப் பார்க்கவிடாத சைக்கிளை மகளே கொண்டுவந்து நிறுத்தியிருந்தாள். அந்தச் சந்தோஷத்தோடு தரையைத் துடைத்தாள், அலமாரியைத் துடைத்தாள், குழாய்களைத் துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தாள். எல்லாம் முடிந்ததும் டிரம்மின் மூடியைத் திறந்தாள்.

உள்ளே பழுப்பாக, கொழகொழவென்று, சேற்று வாடையோடு இருந்தது. பச்சை எது ரோஜா எது என்று தெரியவில்லை.

பெரிய மனிதர்கள் வருவார்கள். மூடியைத் திறப்பார்கள். இதைப் பார்ப்பார்கள். செய்த ஆளைப் பார்ப்பார்கள். அவர் அப்போது எப்படி நிற்பார் என்பதுவரை அவள் கண்ணுக்குத் தெரிந்தது. பழகும்வரை தொடாதே என்றார், சரி. பழகிவிட்டதே. தண்ணீர்தான் மஞ்சளாகி ஆறேழு நாள் ஆயிற்றே. பழகின சட்டியை யாராவது கழுவாமல் வைப்பார்களா?

முந்நூறு நாரையும் வெளியே எடுத்தாள். குழாயைத் திறந்துவிட்டு, ஒவ்வொன்றாகப் பிழிந்து, உதறி, மறுபடி பிழிந்தாள். சோப்புப் போடவில்லை, தவளைக்குச் சோப்பு ஆகாது என்று அவளுக்குத் தெரியாதா? தோள் விண்விண் என்று தெறித்தது. மூன்று மணி நேரம் ஆயிற்று. அடுக்கி முடித்தபோது டிரம்முக்குள் பூக்கடை மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை குழு வந்தது. அலமாரியைச் சுற்றிப் பார்த்தார்கள். ஒருவர் குழாயில் நீர் விழும் சத்தத்துக்குக் காது கொடுத்தார். ஒருவர் தவளைக்கு நாக்கு இல்லையாமே என்று கேட்டார். கணவர் இஸ்திரி போட்ட சட்டையில் விறைப்பாக நின்று பதில் சொன்னார். டிரம்மை யாரும் திறக்கவில்லை.

புதன்கிழமை காலை தவளைகள் தீனிக்கு எழவில்லை. மேல்மட்டத்தில் கைகால் விரித்து மிதந்தன. தோல் வெள்ளை வெள்ளையாக உரிந்து தொங்கியது, தொடைகள் சிவந்திருந்தன. தவளையக்கா மருந்து விட்டாள். ஐந்தாவது சொட்டு விழும் முன்பே குழாய் கரும்பச்சையாகிவிட்டது. முப்பத்தெட்டையும் வாளித் தண்ணீருக்கு மாற்றினார்கள். மூன்று தவளைகள் பிழைக்கவில்லை. பெரியவள் பிற்பகல்வரை அவள் கையில் கிடந்தாள்.

கணவர் இரண்டு நாள் குழாய்களைக் கழற்றிக் கழற்றிப் பார்த்தார். குழாய்களை ஒட்டிய பசையை முகர்ந்தார். டயர் துண்டைச் சந்தேகப்பட்டார். கடைசியில் டிரம்மைத் திறந்தார். மேடமும் பக்கத்தில் இருந்தார்.

"புதுசு மாதிரி இருக்கே" என்றார் மேடம். "பிசுக்கே இல்ல. ஏதோ வந்து அவ்வளவையும் கொன்னிருக்கு." பிறகு திரும்பி, "அக்கா, யாராவது இதைக் கழுவினாங்களா?"

தவளையக்கா வாயைத் திறந்தாள்.

"அவளையா கேக்கறீங்க?" என்றார் கணவர். குரலில் கோபம்கூட இல்லை. "ஒன்பது வருஷமா இந்த அறையில இருக்கா மேடம். தொடாதேன்னு நான் சொன்னதை அவ தொடமாட்டா. தப்பு என் வேலையிலதான். பசையில ஏதோ இருந்திருக்கும்."

திறந்த வாயை அவள் மூடிக்கொண்டாள்.

"காரணம் தெரியாம நான் எதையும் எழுதிக் கொடுக்க முடியாதுங்க. அடுத்த அறையில மீன் செத்தா யார் பதில் சொல்றது?" என்றார் மேடம்.

"நியாயந்தான்" என்றார் கணவர். அன்று மாலையே ஏஜென்டுக்குப் போன் போட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை கப்பல்.

அந்த ஒரு வாரமும் அவர் சன்னலோரம் உட்காரவில்லை, படுத்திருந்தார். மகள் பக்கத்தில் போய், "சைக்கிள் நல்லா ஓடுது" என்றாள். "பாத்து ஓட்டு. நான் மாட்டின செயினு" என்றார் அவர். விளையாட்டுக்குத்தான் சொன்னார். கேட்கத்தான் அப்படி இல்லை.

வியாழக்கிழமை மதியம் அவர் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தார். அவள் சட்டைகளை மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான்காவது சட்டையில் கை நின்றுவிட்டது.

"ஏங்க."

"ம்."

"நான்தான் கழுவினேன்."

"எதை?"

"நாரை."

அவர் நிமிர்ந்தார். "எந்த நாரை?"

"டிரம்முல இருந்ததை. குழு வர்றதுக்கு முன்னாடி சனிக்கிழமை. திறந்து பாத்து அசிங்கம்னு சொல்லிடுவாங்களோன்னு. பழகிட்டா கழுவலாம்னு நெனச்சேன்."

"எத்தனை?"

"முந்நூறும்."

"குழாய்த் தண்ணியிலயா? குளோரின் போகாத தண்ணியில?"

"ஆமா."

"சோப்புப் போட்டியா?"

"சோப்புப் போடுவேனா? அது தவளைக்கு ஆகாதுன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள் அவள், அந்த நிலையிலும் ரோஷம் வந்து.

அவர் பெட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார். கத்தப்போகிறார் என்று அவள் காத்திருந்தாள். கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். ஆனால் எட்டு நாளாக இருண்டு கிடந்த அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்ந்தது.

"அப்போ பசை இல்ல."

"இல்ல."

"டயரும் இல்ல. நான் போட்ட லைன் சரி."

"உங்க வேலையில ஒரு குத்தமும் இல்ல. என் கைதான்."

"நான் என்ன நெனச்சேன் தெரியுமா? கரையில நாம எதுக்கும் லாயக்கில்லன்னு. தண்ணியில மிதந்தாத்தான் நம்ம வேலை நிக்கும்போலன்னு." அவர் சிரிக்க முயன்றார். "முந்நூறையும் ஒத்தை ஆளாவா பிழிஞ்சே? அந்தத் தோளை வெச்சுக்கிட்டு?"

அவளுக்கு அழுகை வந்தது. மடித்த சட்டையிலேயே முகத்தைத் துடைத்தாள்.

"போகாம இருக்க முடியாதா?" என்று கேட்கத் துணிவு வரவில்லை. கேட்டது வேறு: "பேர் கொடுத்தாச்சு இல்ல?"

"கொடுத்தாச்சு. நாளைக்கு நான் போகலன்னா கப்பல் ஆளில்லாம நிக்கும். மறுபடி பழக இன்னும் ஆறு வாரம் வேணும். அதுக்கப்புறமும் எடுப்பாங்களான்னு தெரியாது." அவர் அவள் கையிலிருந்த சட்டையை வாங்கி, ஈரத்தோடு பெட்டியில் வைத்தார். "மேடத்துக்கிட்டச் சொல்லிடு. திரும்ப ஓட்டச் சொல்லு. இந்தத் தடவை மூடியைத் தொறக்காதே."

வெள்ளிக்கிழமை அவர் போனார். சனிக்கிழமை அவள் மேடத்தின் அறைக்குள் நுழைந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல், நின்றபடியே சொன்னாள். மேடம் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா..."

"அவர் அப்படிச் சொன்னதுக்கப்புறம் எனக்கு வாய் வரல மேடம்."

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "மூணு தவளை போச்சு. அதைப் பதிவுல எழுதித்தான் ஆகணும். ஏன் போச்சுன்னும் எழுதணும்." பதிவேட்டை எடுத்துக்கொண்டே, "வாரத்துக்கு மூணு நாள் தேய்ச்சுக் கழுவுங்கன்னு ஒன்பது வருஷமாச் சொன்னது நான். அந்தக் கையைத் திடீர்னு சும்மா இருன்னா எப்படி இருக்கும்? டிரம்முக்குப் பூட்டுப் போட்டிருக்கணும். அதையும் எழுதறேன்" என்றார்.

மறுபடி எட்டுத் தவளைகள். மறுபடி இளம்பச்சை, கடும்பச்சை. பூட்டின் சாவியை மேடம் அவளிடமே கொடுத்தார். வாளி தூக்குவது சுலபம் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. டிரம்மின் பக்கத்தில் போய் நின்று, உள்ளே கருத்துக் கொண்டிருக்கிற நாரை நினைத்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு திரும்பி வருவதில் உடம்பே அசந்துபோனது. மதியம் பின்படியில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். டப்பாவில் அளவு தெரியாமல் இரண்டு பேருக்கு வைத்துவிட்டு, மிச்சத்தை மாடிப்படியக்காவுக்குக் கொடுத்தாள்.

அவர் துறைமுகங்களிலிருந்து பேசினார். "என்ன நிறம்?" என்பதுதான் முதல் கேள்வி. நிறத்தைச் சொல்வாள். பிறகு மகளைப் பற்றி. பிறகு வைத்துவிடுவார். கப்பல் போனுக்கு எப்போதும் வரிசை.

நாற்பத்தோராம் நாள் மஞ்சள். ஒரு மாதம் மஞ்சளாகவே நின்றது. எண்பது தவளைகளும் புதுத் தொட்டிக்கு வந்துவிட்டன. ஒரு பெண் தவளை போட்ட முட்டைகளை நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, மேடம் முதன்முறையாக அவளையும் பார்க்கச் சொன்னார். கறுப்பும் வெளுப்புமாக, உருண்டு, ஒன்றுகூடச் சிதையாமல் இருந்தன.

"நிர்வாகம் ஒத்துக்கிச்சு" என்றார் மேடம், கையில் ஒரு கடிதத்தோடு. "தண்ணி வேலைக்கு ஓர் ஆள். நிரந்தரம். உங்க வீட்டுக்காரர் பேரை எழுதியிருக்கேன். ஆனா ரெண்டு மாசத்துக்குள்ள வந்து சேரணும். இல்லன்னா வேற யாரையாவது போட்டுடுவாங்க. அவருக்கு எப்போ முடியுது?"

"இன்னும் ஆறரை மாசம்."

"பேசிப் பாருங்க."

நான்கு நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை காலை போன் வந்தது. மகள் குளித்துக்கொண்டிருந்தாள். தவளையக்கா சமையலறையில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னாள். முட்டையைச் சொன்னாள், எண்பது தவளையைச் சொன்னாள், கடிதத்தைச் சொன்னாள், இரண்டு மாதத்தைச் சொன்னாள். அந்தப் பக்கம் இரைச்சலாக இருந்தது. காற்றா, இயந்திரமா தெரியவில்லை.

"நடுவுல எறங்கினா இந்தக் கம்பெனி மறுபடி கூப்பிடாது. ஏஜென்டும் கூப்பிடமாட்டான்" என்றார் அவர். "அந்தக் கதவு மூடினது மூடினதுதான்."

"தெரியும்."

"அங்க வந்தப்புறம் இது சரிப்படலன்னா?"

"சரிப்படலன்னாலும்."

"நீ என்ன சொல்றே?"

பதினான்கு வருஷத்தில் ஒவ்வொரு தடவையும், அவர் கேட்பதற்கு முன்பே அவள் சொன்னது, உங்க இஷ்டம் என்பதுதான். உங்களுக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்யுங்க. நல்ல மனைவி அப்படித்தான் சொல்வாள் என்று அவள் நினைத்திருந்தாள். அந்த வார்த்தை இப்போதும் நாக்கு நுனிவரை வந்தது.

"வந்துடுங்க" என்றாள்.

அந்தப் பக்கம் யாரோ ஒருவர், முடிந்ததா என்று பின்னாலிருந்து கேட்பது காதில் விழுந்தது.

"இதைச் சொல்ல இத்தனை வருஷமா?" என்றார் அவர்.

"நீங்க கேட்டதில்லையே."

"கேட்டா நீ என் இஷ்டம்னு சொல்லுவே. எனக்கு அதைக் கேக்கப் பயம்." இரைச்சலுக்கு மேல் குரலை உயர்த்தினார். "அடுத்த துறைமுகத்துக்குப் பதினோரு நாள் ஆகும். அங்க இறக்கிவிடறாங்களான்னு கேப்டன்கிட்டக் கேக்கறேன். இல்லன்னா அதுக்கடுத்தது. பின்னாடி ஆள் நிக்கறாங்க, வைக்கட்டுமா?"

"வைங்க."

அவர் உடனே வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை. இரைச்சல் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

மகள் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து, "யாரு, அப்பாவா? என்ன சொன்னாரு?" என்றாள்.

"பதினோரு நாள்" என்றாள் தவளையக்கா. அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. இருவரும் அதைப் பார்த்தபடி நின்றார்கள். யாரும் அணைக்கப் போகவில்லை.